மல்லிகாவைப் பற்றி இன்டர்நெட்டில் வந்தது

கதிர்,

போன சனிக்கிழமை மத்தியானம் நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு ‘நல்லதுப்பா’ என்று மட்டும் சொன்னேன். கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் அப்போது ஒருவரும் இல்லை. ஐந்து சிஸ்டமும் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. ஆபீசில் மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு தேர்தலில் நிற்கிற ஒரு வேட்பாளருக்கு இன்டர்நெட் வேலை பார்க்கப் போவதாக நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். “அம்மா, இனிமே ஜனங்க எதப் பாக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம். நல்ல செய்தியா மேல கொண்டாருவோம். எங்களுக்கு எதிரா எவனாவது எழுதுனா அனுமதிக்கவே மாட்டோம், அவன் எழுதுனதே வெளியில தெரியாது” என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குப் போனை வைத்துவிடத்தான் தோன்றியது. ஏன் என்று போனில் சொல்ல முடியாது. சொன்னால் பாதியில் நீ ஏதாவது சமாதானம் சொல்வாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். மூன்று வருடமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். நான் எழுதி முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது அல்லவா.

உன் அப்பா பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கிற பகுதியில் பதினெட்டு வருடம் நின்றவர். அந்தத் தூசிதான் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது என்று டாக்டர் சொன்னபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அவர் போன பிறகு கம்பெனியில் கொடுத்ததை வைத்து என்ன செய்வது என்று எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நீதான், “பிரௌசிங் சென்டர் போடலாம்மா, ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வெச்சிக்கலாம்” என்றாய். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே அந்த இடத்தைப் பிடித்தோம். கட்டடக்காரர் பெரிய கட்சிக்காரர். விதவைக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். உண்மையாகவே உதவிதான் அது. அவர் முன்பணத்தைக்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை. அதற்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். அவர் கடைப் பக்கம் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். யாரும் எழச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுந்தேன். அப்படி எழுந்து எழுந்து பழகியவளுக்கு ஒரு நாள் உட்கார்ந்தபடியே ‘முடியாது’ என்று சொல்ல வரவில்லை.

மல்லிகாவை உனக்கு நினைவிருக்கும். பின்தெருவில் இருந்தவள், உன் அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே கப்புக்கும் பொம்மைக்கும் மெருகு பூசுகிற வேலை. வேலை இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் இல்லை. சாயங்காலம் கை முழுக்க வெள்ளையாகக் காய்ந்து போய் வருவாள். உனக்கு ஒரு முறை காது உடைந்த பீங்கான் பூனை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், அதைக் கம்ப்யூட்டர் மேலேயே வைத்திருந்தாய். அவள் புருஷன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் போனவன். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றுகூட பல வருடம் தெரியாது. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்களுக்கு அரசாங்கத்தில் ஒரு உதவித்தொகை உண்டு. விதவைகளுக்குக் கொடுப்பது வேறு, இது வேறு. அந்தப் பாரத்தை வாங்கி வந்து என் கடையில்தான் உட்கார்ந்தாள். நான்தான் பூர்த்தி செய்தேன். ‘கணவர் இறந்த தேதி’ என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு, ‘கைவிட்டுச் சென்றார்’ என்று என் கையால் எழுதினேன். அதைப் பார்த்து, “என்னாக்கா எழுதுன, படி” என்றாள். படித்தேன். “ம்” என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் நகராட்சித் தேர்தலில் நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். கட்டடக்காரர் தன் மனைவியை நிறுத்தினார். பின்தெருவில் குழாய் போட்டு ஆறு வருடம் ஆகியும் அதில் ஒரு நாள்கூடத் தண்ணீர் வந்ததில்லை. பெண்கள் ஸ்டேஷன் வரைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மெருகு பூசும் பெண்களாகச் சேர்ந்து மல்லிகாவை நிற்கச் சொன்னார்கள். நின்றாள். கட்சி இல்லை, கொடி இல்லை. வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். “எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆனா தண்ணி வர்ற வரைக்கும் ஆபீஸு வாசல்ல உக்காரத் தெரியும்ங்க” என்பாள். அவ்வளவுதான் அவள் பிரசாரம். முதலில் சிரித்தவர்கள் பிறகு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். கட்டடக்காரர் வீட்டில் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அவர் வேகமாக நடந்து போவதிலேயே தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அவள் வந்தால் கடைக்கு உள்ளே கூப்பிட்டுத்தான் பேசுவேன், வாசலில் நிற்க வைத்துப் பேச மாட்டேன்.

அப்போதுதான் நீ பூஜை லீவுக்கு வந்திருந்தாய். சாப்பிடும்போது தேர்தலைப் பற்றிக் கேட்டாய். நான் பேச்சோடு பேச்சாக, “மல்லிகா புருஷன் திருப்பூர்ல இருக்கானாம்டா, போன மாசந்தான் யாரோ பாத்துட்டு வந்து சொன்னாங்களாம். எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. பாவம், இவ இங்க பென்ஷன் வாங்கிக்கிட்டு கெடக்குறா” என்றேன். சாதம் போட்டுக்கொண்டே சொன்னது. நீ மோரை ஊற்றிக்கொண்டே கேட்டது. மறுநாள் கடையில் மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து உன் இன்டர்நெட் பிளாக்கில் நம் வார்டைப் பற்றி எழுதினாய். ஊர்ப் பெயரில் நீ வைத்திருந்த அந்தப் பிளாக்கைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள் என்று உனக்கு அவ்வளவு பெருமை. ‘பீங்கான் பூனை’ என்றுதான் பெயர் போட்டுக்கொள்வாய். ஒவ்வொரு வேட்பாளருக்கும் இரண்டு வரி கிண்டல். மல்லிகாவுக்கு, ‘கணவர் திருப்பூரில் பனியன் தைக்கிறார், மனைவி இங்கே விதவை பென்ஷன் வாங்குகிறார், இந்தத் திறமை நகராட்சிக்குத் தேவை’ என்று எழுதியிருந்தாய். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் படித்தேன் கதிர். விதவை பென்ஷன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ எழுதிய விதம் சிரிப்பாக இருந்தது, நான் சிரித்துவிட்டேன். “வேணான்டா, எடுத்துடு” என்று அந்த நிமிடம் சொல்லியிருந்தால் நீ எடுத்திருப்பாய். நீ எழுதியது விளையாட்டு. நான் சிரித்தது விளையாட்டு இல்லை. எனக்கு உண்மை தெரிந்திருந்தது.

நீ ஹாஸ்டலுக்குப் போன நான்காம் நாள் கட்டடக்காரர் கடைக்கு வந்தார். நான் எழுந்தேன். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் உன் பிளாக்கின் முகவரி இருந்தது. அவருடைய அக்கா மகன் சென்னையிலிருந்து போனில் சொல்ல, இவர் எழுதிக்கொண்டாராம்.

“இதக் கொஞ்சம் தெறந்து பாரு தங்கச்சி. எனக்கு இந்த மிஷினெல்லாம் ஓடாது.”

திறந்தேன். எனக்கு முன்பே தெரிந்த பக்கம் என்று காட்டிக்கொள்ளாமல் திறப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா.

“பிரிண்ட் வருமா இதுல?”

“வரும்ங்கண்ணே.”

“அப்பிடியே போடு. அடியில இங்கிலீஷ்ல ஒரு வரி வருமாமே, அதுவும் வரணும். அதான் முக்கியம்.”

பிரிண்ட் வந்தது. கீழே ஓரத்தில் பிளாக் முகவரியும் தேதியும் சின்ன எழுத்தில் இருந்தன. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இதுல ஐந்நூறு காப்பி போடு” என்றார். நான், “அண்ணே, இது நெசமான்னு தெரியாதுங்களே. யாரோ எழுதுனது” என்றேன். அவர் கோபப்படவில்லை. வாடிக்கையாளர் பெயரும் நேரமும் எழுதும் என் நோட்டை மேஜையிலிருந்து எடுத்தார். போலீசார் வைத்திருக்கச் சொன்ன நோட்டு. இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

“இத எழுதுனவன் இந்த ஊர்லேருந்துதான் எழுதியிருக்கான்னு பேசிக்கிறாங்க. இங்க இருக்குறதே ரெண்டு மூணு சென்டரு. நாளைக்கு யாராவது கேட்டா நீ இந்த நோட்டத்தான் காட்டணும். ஆனா நா கேக்கல தங்கச்சி. எனக்கு எதுக்கு?” என்று சொல்லி நோட்டை மூடி, வைத்த இடத்திலேயே வைத்தார்.

நீ எழுதியதென்று அவருக்குத் தெரிந்ததா, இல்லை சும்மா விட்ட கல்லா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டில் உன் பெயர் இல்லை. சொந்தப் பிள்ளையின் பெயரை யார் எழுதுவார்கள்? நீ எழுதிய நேரத்துக்கு நேராக நோட்டில் மூன்றாவது சிஸ்டம் காலியாக இருந்ததுதான் எனக்குப் பயம். காப்பி போட்டேன். ஒவ்வொரு தாளும் சூடாக வந்து விழுந்தது. தாள் தீர்ந்தபோது அவர் ஆளே போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

கட்சிக்காரர் அடிக்கிற நோட்டீஸை நம் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். படித்துவிட்டுக் குழந்தைக்குக் கப்பல் செய்து கொடுப்பார்கள். ஆனால் இந்தத் தாள் வேறு. பின்தெருவில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இந்தத் தாளைக் கொடுத்து, கீழே இருக்கிற இங்கிலீஷ் வரியைத் தொட்டுக் காட்டி, “இன்டர்நெட்லயே வந்திருக்குது பாரு” என்றார்கள். அவ்வளவுதான். கண்ணால் பார்க்காத ஒன்றை நம்புவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கேயோ வெளியூரில் இருக்கிற பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன சேதி என்று நினைத்தார்கள். தாலி இல்லாமல் இருக்கிறாள், அப்படியென்றால் விதவை என்றுதானே பொய் சொல்லியிருப்பாள் என்று அவர்களே மீதியைச் சேர்த்துக்கொண்டார்கள். தாலியை என்றைக்கோ பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றாள் என்று தெரிந்தவர்கள்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். மோர் கொடுத்த வீடுகளில் கதவு திறக்கவில்லை. உண்மையிலேயே விதவையாகி, பென்ஷனுக்கு மனு போட்டுக் கிடைக்காமல் இருந்த இரண்டு பெண்கள் தெருவில் நின்று அவளை ஏசினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்குக் கிடைக்காததை இவள் திருடிவிட்டாள் என்று நினைக்கிறார்களே.

அப்படி ஏசிய மறுநாள் காலை கடை திறக்கும்போதே மல்லிகா படியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. கையில் அந்தத் தாள்.

“அக்கா, இத எழுதுனவன் யாருன்னு பாக்க முடியுமா?”

“பேரு போடல மல்லிகா. என்னமோ பூனைன்னு போட்டிருக்கு.”

“அவனுக்கு நாம பதில் எழுதலாமா? அவன் எழுதுன எடத்துலயே?”

எழுதலாம் என்றேன். அதில் பொய் இல்லை, அந்தப் பக்கத்தின் அடியில் பதில் எழுத இடம் இருந்தது. அவளை மூன்றாவது சிஸ்டத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தமிழில் டைப் அடித்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். “நா விதவைன்னு எங்கயும் சொல்லல. விட்டுட்டுப் போயிட்டான்னு உள்ளத சொல்லித்தான் எழுதிக் குடுத்தேன். அந்தாளு உசுரோட இருந்தாலும் அந்தப் பணம் உண்டுன்னு சட்டம் இருக்குது. அந்த பாரத்த எழுதுனவங்க இந்த ஊர்லதான் இருக்காங்க. சந்தேகம் இருந்தா அவங்கள கேளுங்க.” கடைசி வரியைச் சொல்லும்போது திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். அடித்தேன். அனுப்புவதற்கான இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனேன். ‘சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேளுங்கள்’ என்றால் கேட்க வரப்போவது யார், எங்கே வருவார்கள் என்று நினைத்தேன். மாடிப்படியில் கட்டடக்காரர் செருப்புச் சத்தம் கேட்டது. நான் வேறு இடத்தில் அழுத்தினேன். அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. அவள் எழுதச் சொன்னது முழுதும் போய்விட்டது.

“போயிடுச்சாக்கா?”

“போயிடுச்சு. ஆனா ஒடனே தெரியாது. அந்த பிளாக் எழுதுறவன் பாத்து அனுமதி குடுத்தாத்தான் வெளியில வரும்.”

அது உண்மைதான், உன் பிளாக்கில் அப்படித்தான் வைத்திருந்தாய். பொய்க்கு அந்த உண்மை எவ்வளவு தோதாக இருந்தது பார். அடுத்த மூன்று நாளும் வந்தாள். “வந்துதாக்கா?” என்பாள். நான் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். “இன்னும் அவன் அனுமதி குடுக்கலியே மல்லிகா” என்பேன். மூன்றாம் நாள் படியிறங்கும்போது திரும்பி, “எழுதத் தெரிஞ்சவனுக்கு பதில போடத் தெரியலியே. அவன பெத்தவ நல்லாருக்கட்டும்” என்றாள். உன்னைப் பற்றித்தான் சொன்னாள் கதிர். அனுமதி கொடுக்காத பாவம் உன் தலையில் விழுந்தது. உனக்கு அந்தப் பதில் வந்து சேரவே இல்லை.

உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எத்தனை தடவை எண்ணை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் நீ எடுத்துவிடுவாய். எடுத்தால், நேற்றுவரை இருந்தது இன்றைக்கு எப்படிக் காணோம், யார் சொல்லி எடுத்தது என்று கட்டடக்காரர் வருவார். எடுக்காவிட்டால் மல்லிகா வருவாள். உனக்கு அது கடைசி வருடம், கேம்பஸ் இன்டர்வியூ வேறு. போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் எந்தக் கம்பெனி எடுக்கும்? உன் அப்பா தின்ற தூசிக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம் அப்போதுதான் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் சுவர், வாசலில் யாராவது வந்து நின்றால் வெளியே போக வழியில்லை. ஓட்டுப் போடும் அன்று வரிசையில் நின்று அவளுக்கே போட்டேன். போட்டுவிட்டு வரும்போது ஏதோ கடமையை முடித்த மாதிரி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஐந்நூறு பேர் பார்க்கத் தாள் போட்டுக் கொடுத்தவள், ஒரு ஓட்டைப் போட்டுவிட்டுச் சரிசெய்துவிட்டதாக நினைத்தேன்.

அவள் தோற்றாள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இருக்காது. தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் யாரோ பெயர் போடாமல் ஒரு மனு எழுதி, அதோடு அந்தத் தாளையும் இணைத்துத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள். ‘இணைப்பு: இன்டர்நெட் நகல்’. உதவித்தொகையை நிறுத்தி விசாரணை என்றார்கள். கம்பெனியில், விசாரணை முடியட்டும், பிறகு வா என்றார்கள். பின்தெருவில் வாடகைக்கு இருக்க முடியாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்குச் சென்னையில் வேலை கிடைத்து, நான் கடை வாசலில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்ததும் அதே வாரம்தான்.

நீ போனில் அப்படிச் சொன்ன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று ஒன்றும் முடிவு செய்யவில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் உளுந்து காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் மறந்து, “அத எழுதுனது எம் புள்ள மல்லிகா” என்றேன்.

“தெரியும்க்கா.”

“எப்பிடி?”

“திருப்பூர்னு உன்னத் தவுர யாருகிட்டயும் நா சொல்லல. அப்பறம் பூனைன்னு வேற போட்டிருந்துது. நாந்தான குடுத்தேன் அந்தப் பூனைய.”

“அப்ப அந்த மூணு நாளு வந்தியே...”

“நீ சொல்லுவியான்னு பாக்க வந்தேன்.” உளுந்தைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னாள். “மொத நாளே நீ அனுப்பலன்னும் தெரியும். ஜன்னல மூடுனத பாத்தேன். எனக்கு அந்த மிஷினு தெரியாது, ஆனா உம் மொகம் தெரியும்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னை அழ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு அவளே பேசினாள். அவள் பெண் இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள், ஸ்கூலில் கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லாரும் அவரவர் அம்மா அப்பா பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தார்களாம். இவள் ஊர்ப் பெயரையும் அம்மா பெயரையும் தமிழில் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வந்திருக்கிறது. வகுப்பே கூடி நின்று படித்திருக்கிறது. “எல்லாரு அம்மாவுக்கும் ஒன்னும் வரலியாம்க்கா. எனக்கு மட்டும் வந்துதாம்” என்றாள். “தேர்தல்ல நா நின்னதுக்கு உலகத்துல இருக்குறது அது ஒன்னுதான்.”

நான் உன்னிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு நினைவு வந்தது. போன வருடம் ஏதோ பேச்சில் நீதான், “அந்த பிளாக்கா? காலேஜ் மெயில் ஐடியில ஆரம்பிச்சதும்மா, அது செத்துப்போச்சு, பாஸ்வேர்டும் மறந்துபோச்சு. யாரும் ஒன்னும் பண்ண முடியாது, அது பாட்டுக்கு கெடக்கும்” என்று சிரித்தாய். அதையும் அவளிடம் சொன்னேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது. எழுதினவனாலும் அழிக்க முடியாது என்பதை அவளுக்குப் புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“சரி, அது கெடக்கட்டும்” என்றாள். “எனக்கு நீ ஒன்னு எழுதிக் குடு. தாலுகா ஆபீஸ்ல மூணு வருசமா, இந்தப் பேப்பரு எங்கேருந்து வந்துது, யாரு எழுதுனதுன்னு தெரிஞ்சாத்தான் ஃபைல மூடுவேன்றாங்க. பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு வருமான சர்டிபிகேட் கேட்டாக்கூட, உங்க மேல விசாரணை இருக்குதுன்றாங்க. நா சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொல்லு. யாரு எழுதுனது, யாரு காப்பி போட்டது, பாரத்துல என்ன எழுதியிருந்துது, எல்லாம்.”

“எம் புள்ள பேரு வருமே மல்லிகா.”

“எம் பேரு வந்துதேக்கா” என்றாள்.

தண்ணீரைக் குடித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதிலிருந்து தப்பிக்க என்ன வழி என்றுதான் யோசித்தேன் என்று சொன்னால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய்? அப்படித்தான் யோசித்தேன். உன் பெயரைச் சொல்லாமல் என் பெயரை மட்டும் எழுதலாமா, நானே எழுதினேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதுவும் இன்னொரு பொய். பொய்யை எழுதிக் கொடுத்து அவள் பெயரைத் துடைக்க முடியாது. ஊர் வந்து இறங்கும்வரை ஒரு வழியும் கிடைக்கவில்லை.

உன் புது வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எதிராக எழுதுகிறவனுக்கு அனுமதி கொடுக்க மாட்டோம் என்றாயே, அந்த வேலையில் உட்காரும்போது ஒவ்வொரு முறையும், எழுதியது யார், அவன் எங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்து எழுதியிருப்பான் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். ஜனங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் நானும் நான்கு நாள் இருந்தேன், மாடிப்படிக்குக் கீழே. அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இன்று காலை வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். கட்டடக்காரர் மனைவிதான் இன்னும் கவுன்சிலர். இது அவர்கள் காதுக்குப் போன அன்றே கடையைக் காலி செய்யச் சொல்வார்கள். சொல்லட்டும். மிஷினை விற்றுவிடலாம், எனக்கு டைப் அடிக்கத் தெரியும், எங்கேயாவது உட்காருவேன். இதைப் பற்றி நீ கவலைப்பட்டு எனக்கு யோசனை சொல்ல வேண்டாம். உன் பெயர் வெளியில் வந்தால் உன் வேலைக்கு என்ன ஆகும், அந்த வேட்பாளர் ஆபீசில் உன்னை என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் செய்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் சரி என்றுவிடுவேன், நமக்குள் அது இன்னொரு மூன்று வருடம் ஓடும்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மல்லிகா தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வருகிறாள். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார். ஞாயிறு சாயங்காலம் நீ ரயில் ஏறினால்கூட நேரத்துக்கு வந்துவிடலாம். வந்தால், எழுதியது யார் என்ற இடத்தில் நீயே எழுதிக் கையெழுத்துப் போடலாம், அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வராவிட்டால் பதினொரு மணிக்கு உன் பெயரை அங்கே நான் எழுதுவேன்.

அம்மா